பேட்டரி மானிட்டர்: 84 என்று காட்டிக்கொண்டே கைவிட்டது

லங்காவிக்காரன்:
பினாங்கிலிருந்து லங்காவிக்குத் திரும்பும் வழி, இரவு மூன்று மணி. தானியங்கிச் சுக்கான் ஒருமுறை முனகிவிட்டு நின்றுபோனது. படகு காற்றுக்கு முகம் திருப்ப, பாய் படபடவென்று அடிக்கத் தொடங்கியது. சுற்றிலும் மீன்பிடிப் படகுகளின் விளக்குகள். டார்ச்சோடு கீழே இறங்கிப் பார்த்தால் மானிட்டர் சாவதானமாக பேட்டரியில் 84 சதவீதம் மிச்சம் என்கிறது. அந்த 84 இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஷன்ட்டை, அதாவது பேட்டரிக்குப் போய்வரும் மின்னோட்டத்தை மானிட்டருக்காக அளக்கும் துண்டை, இரண்டு வாரத்துக்கு முன் நானேதான் பொருத்தினேன். குளிர்ப்பெட்டியின் நெகட்டிவ் கம்பி மட்டும் ஷன்ட் வழியே போகாமல் நேராகப் பேட்டரி முனையிலேயே இருந்திருக்கிறது. பழைய உரிமையாளர் செய்த வேலை, நான் தொடவில்லை. கம்ப்ரஸர் ஓடினால் 5 ஆம்ப் குடிக்கும். அதில் ஒரு துளியும் மானிட்டர் கணக்கில் வரவில்லை. மூன்று நாளாக வெயிலும் இல்லை.

கிள்ளான் படகு:
குளிர்ப்பெட்டி மேல் பழி போடாதீர்கள். அதே திரையில் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் வோல்ட் தெரியும். 12-க்குக் கீழே போயிருக்குமே, பார்த்தீர்களா? சதவீதம் என்பது மானிட்டர் போடும் கூட்டல் கழித்தல்தான். வோல்ட்தான் பேட்டரியே சொல்வது.

எனக்கு நடந்தது வேறு. காலை பத்து மணிக்கு 71-லிருந்து ஒரே தாவலில் 100. மானிட்டர் பெட்டியிலிருந்து வந்தபோது இருந்த அமைப்பை மாற்றாமல் விட்டதன் பலன்: 13.2 வோல்ட்டுக்கு மேலே போய், உள்ளே வரும் மின்னோட்டம் கொள்ளளவில் 4 சதவீதத்துக்குக் கீழே மூன்று நிமிடம் இருந்தால் ‘நிறைந்துவிட்டது’ என்று அது முடிவு கட்டிவிடும். என் பேட்டரி 200 ஆம்பியர்-மணி, அதில் 4 சதவீதம் 8 ஆம்ப். என் 100 வாட் சோலார் தகடு உச்சி வெயிலிலேயே 6 ஆம்பைத் தாண்டாது! அப்படியானால் மானிட்டர் கணக்கில் தினமும் காலையில் பேட்டரி நிறைந்துதானே ஆகவேண்டும்? சார்ஜர் 14.4 வரை ஏற்றுவதால் இப்போது 14.1, 2 சதவீதம் என்று வைத்திருக்கிறேன். தாவல் நின்றது.

பழைய மாலுமி:
நான் ஷன்ட் மாட்டிய அன்று ஸ்பேனர் கை நழுவி இரண்டு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தது. நீல வெளிச்சம், இரும்பு கருகிய வாடை. ஸ்பேனரில் விழுந்த பள்ளம் இன்னும் அப்படியே இருக்கிறது.

தம்பிகளே, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள், கடைசியில் அதை மாட்டுங்கள். ஸ்பேனரின் பிடிக்கு டேப் சுற்றுங்கள். பேட்டரி நெகட்டிவ் முனையில் ஷன்ட்டுக்குப் போகும் தடித்த கேபிள் ஒன்றுதான் இருக்கவேண்டும். சோலார் கன்ட்ரோலர், படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்ப், எஞ்சின் எல்லாம் ஷன்ட்டின் மறுபக்கத்துக்குப் போகட்டும். மானிட்டருக்குப் பாசிட்டிவிலிருந்து வரும் மெல்லிய கம்பியில் இருக்கும் ஃப்யூஸைக் கழற்றி எறியாதீர்கள். ஐந்து வருடப் பேட்டரிக்குப் புதுப் பேட்டரியின் கொள்ளளவைப் பதிந்துவிட்டு மானிட்டரைத் திட்டாதீர்கள்.

லங்காவிக்காரன்:
கிள்ளான் நண்பரே, வோல்ட்டைப் பார்க்கவில்லை, உண்மைதான். பாயை இறக்குவதா, பொத்தானை அழுத்துவதா? ஆனால் அதற்கு முந்தைய மூன்று நாளும் பார்க்கவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

கம்பியை மாற்றிவிட்டேன். இப்போது எல்லாவற்றையும் அணைத்த பிறகும் 0.3 ஆம்ப் போய்க்கொண்டே இருக்கிறது. எது குடிக்கிறது?

கிள்ளான் படகு:
சமையலறை எரிவாயு அலாரத்தைப் பாருங்கள். இல்லையென்றால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள். இந்த முறை திரையைப் பார்த்துக்கொண்டே.