டர்போ இன்ஜினுக்கு பிளக் கேப்: கையேட்டு அளவா, குறைத்து வைப்பதா?

மூன்றாம்கியர்:
நண்பர்களே, ஒரு முடிவுக்கு வர முடியாமல் இங்கே கேட்கிறேன். என்னுடையது 1.5 லிட்டர், நாலு சிலிண்டர் டர்போ பெட்ரோல் வண்டி. இன்ஜின் கம்ப்யூட்டரில் டியூன் போட்டு, பூஸ்டை (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தம்) 0.9 பாரிலிருந்து 1.3 பாருக்கு ஏற்றினேன். சாதாரணமாக ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. ஆனால் நாலாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால், 3,000 ஆர்பிஎம் தாண்டியதும் வண்டி உதறுகிறது. பாதி மிதியில் எதுவும் இல்லை. ஸ்கேனர் பி0303 காட்டுகிறது, அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், கலவை சரியாகப் பற்றவில்லை. பிளக் இரிடியம், கையேட்டில் உள்ள கேப், அதாவது இரண்டு எலக்ட்ரோடுக்கு நடுவே பொறி தாண்டும் இடைவெளி, 0.75 மி.மீ. 0.55-க்குக் குறைத்தால் சரியாகிவிடும் என்கிறார் டியூன் போட்டவர். இரிடியம் பிளக்கில் கை வைக்கவே கூடாது என்கிறார் வழக்கமாக சர்வீஸ் பார்ப்பவர். யார் பேச்சைக் கேட்பது?

டர்போதாசன்:
குறையுங்கள். முழு மிதியில் மட்டும் உதறுகிறது, பாதி மிதியில் இல்லை என்றீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. வாயுவின் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறதோ, அதே இடைவெளியைப் பொறி தாண்ட அவ்வளவு கூடுதல் வோல்டேஜ் வேண்டும். 1889-இல் பாஷன் சொன்ன விதி இது. அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கிப் பாருங்கள், வோல்டேஜ் அந்தப் பெருக்கலைத்தான் தொடர்ந்து போகும்.

பூஸ்ட் 0.9 என்றால் வெளிக்காற்றையும் சேர்த்து 1.9 பார். 1.3 என்றால் 2.3 பார். சிலிண்டருக்குள் போகும் காற்று ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. கையேடு எழுதியவர் 0.75 என்று போட்டது 0.9 பார் பூஸ்ட்டுக்கு. நீங்கள் பூஸ்ட்டை மாற்றிவிட்டு கேப்பை மட்டும் அப்படியே வைத்திருக்கிறீர்கள்.

பட்டறைவாசி:
தம்பி, உங்கள் கணக்கையே வைத்துப் பேசுவோம். 0.75-ஐ 1.9-ஆல் பெருக்கி 2.3-ஆல் வகுத்தால் 0.62 வருகிறது. 0.55 எங்கிருந்து வந்தது? "டர்போவா, குறைச்சு வை" என்று வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும் பழக்கத்தைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கேப்பைக் குறைத்தால் நஷ்டம் இல்லை என்று நினைக்காதீர்கள். பொறியில் முதலில் பற்றுவது ஒரு சின்ன நெருப்பு உருண்டை. அது வளர இடம் வேண்டும். இரண்டு எலக்ட்ரோடும் ரொம்ப நெருங்கி நின்றால் அந்த உருண்டையின் சூட்டை உலோகமே உறிஞ்சிவிடும். பூஸ்ட் ஏறும்போது கலவை அடர்த்தியாக இருப்பதால் இது தெரியாது. ஐட்லிங்கில்தான் தெரியும். அப்போது டர்போ வண்டியிலும் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் வெற்றிடம்தான். சிலிண்டருக்குள் கொஞ்சம் காற்றும் பழைய புகையின் மிச்சமும் இருக்கும். சிக்னலில் நிற்கும்போது வண்டி லேசாக நடுங்கும், காலையில் ஸ்டார்ட் பண்ணினால் திணறும். ஒரு நாளில் முழு மிதி எத்தனை நிமிடம், ஐட்லிங் எத்தனை நிமிடம்?

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. கேப் 0.75 என்பது கையேட்டில் இருப்பது. இப்போது பிளக்கில் எவ்வளவு இருக்கிறது? அளந்தீர்களா?

டர்போதாசன்:
அண்ணே, அளக்கச் சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஐட்லிங் நடுக்கம் பற்றிச் சொன்னதை ஏற்க முடியாது. 0.65-இல் நடுங்கும் வண்டியை நான் பார்த்ததில்லை. ஆலையிலிருந்தே 0.7 கேப்போடு வரும் டர்போ வண்டிகள் நிறைய ஓடுகின்றன. 1.1-லிருந்து 0.6-க்கு இறக்கினால் நீங்கள் சொல்வது நடக்கும். டர்போ இல்லாத இன்ஜினில் வரும் கவலையை இங்கே கொண்டு வருகிறீர்கள்.

ஓம்விதி:
கேப்பைக் குறைத்தால் பொறி பலவீனமாகிவிடும் என்று பொதுவாகச் சொல்வதில் பாதிதான் உண்மை. பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் காயில் தேக்கி வைத்திருக்கும் ஆற்றலுக்கு ஓர் அளவு உண்டு. கேப்பைத் தாண்டவே அதில் பெரும்பங்கு செலவாகிவிட்டால், பொறி நின்று எரியும் நேரம் சுருங்கும். எளிதாகத் தாண்டிவிட்டால் அதிக நேரம் எரியும். பூஸ்ட் அதிகமாக இருக்கும்போது இந்த எரியும் நேரம் பெரிய உதவி.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. பூஸ்ட்டை ஏற்றும்போது நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) வராமல் இருக்க, பற்றவைக்கும் நேரத்தைத் தள்ளி வைப்பார்கள். பிஸ்டன் மேலே வந்து நெருங்கும் சமயத்தில் பொறி விழுகிறது என்றால், அப்போது அழுத்தம் முன்பைவிட அதிகம். ஆக, பூஸ்ட்டும் ஏறியது, பொறி விழும் நேரமும் மாறியது. காயிலுக்கு இரண்டு பக்கமும் சுமை. 1.9, 2.3 என்ற கணக்கில் இது வரவே இல்லை, அதனால் 0.62-ஐயும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் கேப்பில் கை வைக்கும் முன் ஒரு கேள்வி. ஏன் மூன்றாவது சிலிண்டர் மட்டும்? பூஸ்ட்தான் காரணம் என்றால் நாலும் கொஞ்சமாவது தடுமாற வேண்டும். ஒன்றிலேயே திரும்பத் திரும்ப வந்தால் அந்த இடத்துக் காயில், அதைப் பிளக்கோடு இணைக்கும் ரப்பர் பூட், பிளக்கின் பீங்கான், இந்த மூன்றையும் பாருங்கள். பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கோடு போட்டது போல மெல்லிய கறுப்புத் தடம் இருந்தால், மின்சாரம் கேப்பை விட்டுவிட்டு அந்த வழியாக இறங்குகிறது என்று பொருள். பூட்டின் உள்பக்கத்திலும் அதே தடம் பதிந்திருக்கும். உலோக உடலை ஒட்டிப் பீங்கானைச் சுற்றி மங்கலான பழுப்பு வளையம் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், உயர் வோல்டேஜில் தூசு படிந்து வருவது அது. பலர் அதைப் புகைக் கசிவு என்று நினைத்து நல்ல பிளக்கைத் தூக்கிப் போடுகிறார்கள்.

மூன்றாம்கியர்:
இன்ஜின் ஆறியதும் நாலையும் கழற்றினேன். கம்பி கேஜ் வைத்து அளந்ததில் மூன்று பிளக் 0.85, மூன்றாவது சிலிண்டர் பிளக் மட்டும் 0.90. அந்தப் பீங்கானில் ஓம்விதி சொன்ன கறுப்புக் கோடு இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் பூட்டுக்குள்ளும் தெரிகிறது.

பட்டறைவாசி:
இதைத்தான் சொன்னேன். கையேட்டு அளவு வேலை செய்யவில்லை என்று அதன் மேல் பழி போட்டோம், வண்டியில் இருந்ததோ கையேட்டு அளவே இல்லை. ஓட ஓட எலக்ட்ரோட் தேயும், கேப் விரியும். இரிடியம் மெதுவாகத் தேயும், தேயாமல் இருக்காது. புது பிளக், மூன்றாவதுக்குப் புது பூட், கேப் 0.75. அவ்வளவுதான். அதே ரோடு, அதே கியர் என்று ஓட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எதனால் சரியானது என்று தெரியும். அதற்குப் பிறகும் உதறினால் 0.70.

டர்போதாசன்:
அந்தக் கறுப்புக் கோடு எப்படி வந்தது அண்ணே? கேப்பைத் தாண்ட முடியாத மின்சாரம் வேறு வழி தேடியதால் வந்தது. புது பூட் போட்டு, அதே 1.3 பாரில் 0.75 வைத்தால், பிளக் கொஞ்சம் தேய்ந்ததும் இதே நிலைமைக்குத் திரும்புவார். இன்று 0.65 வைத்தால் தேய்ந்து 0.75 ஆனாலும் பிழைப்பார்.

அப்புறம், உதறுகிறதா என்று ஓட்டி ஓட்டிப் பார்ப்பதிலும் ஆபத்து உண்டு. ஒவ்வொரு மிஸ்ஃபயரிலும் எரியாத பெட்ரோல் நேராக, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். அதன் உள்ளே இருக்கும் தேன்கூடு உருகினால் பிளக்கை விடப் பல மடங்கு செலவு. இதைச் சோதனை என்று சொல்லி முழு மிதியில் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லாதீர்கள்.

பட்டறைவாசி:
கன்வெர்ட்டர் விஷயத்தில் மறுப்பு இல்லை. உதறல் தெரிந்த அந்த நொடியே காலை எடுக்க வேண்டும். கேப்பில் என் கருத்து மாறவில்லை.

மூன்றாம்கியர்:
இருவர் சொன்னதையும் யோசித்தேன். புது பிளக், நாலுக்கும் புது பூட் வாங்கிவிட்டேன். பூஸ்ட்டைக் குறைக்கும் எண்ணம் இல்லை என்பதால் 0.65 வைக்கப் போகிறேன். இரிடியத்தை உடைக்காமல் எப்படி வளைப்பது?

ஓம்விதி:
நடு எலக்ட்ரோடை எதுவும் தொடக் கூடாது, அவ்வளவுதான் ரகசியம். அதன் நுனி சில பிளக்குகளில் 0.4 மி.மீ. தடிமன்தான், வலுவான உலோகம், ஆனால் நொறுங்கும். நாணயம் போன்ற வட்ட கேஜை உள்ளே செருகி நெம்புகிறார்களே, அப்படித்தான் நுனி போகிறது. மேலே வளைந்திருக்கும் பட்டையை மட்டும் அதற்குரிய கருவியால் துளித்துளியாக அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒருமுறை கம்பி கேஜால் பாருங்கள். கம்பி லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், திணித்துப் போகக் கூடாது. பட்டையின் முகம் நுனிக்கு நேராக, சாயாமல் நிற்கிறதா என்று பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஆலை வைத்த அளவிலிருந்து 0.2 மி.மீ. அளவுக்கு மாற்றினாலே அந்தச் சாய்வு வர வாய்ப்பு அதிகம். 0.55-ஐ நான் விரும்பாததற்கு அதுவும் ஒரு காரணம்.

டர்போதாசன்:
ஒரே அடியில் அதிகமாக மூடிவிட்டால் மறுபடி திறக்க வேண்டியிருக்கும். பட்டை இப்படியும் அப்படியும் வளைவது நல்லதல்ல. அவசரப்படாதீர்கள்.

பட்டறைவாசி:
0.65 என்று முடிவாகிவிட்டது, சரி. மாட்டும்போது இதையாவது கேளுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். முதலில் கையாலேயே திருகி உட்கார வையுங்கள், பிறகு டார்க் ரெஞ்ச். அலுமினிய ஹெட்டில் 14 மி.மீ. மரை என்றால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. என்றால் 15 முதல் 20. உங்கள் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே வையுங்கள். மரையில் கிரீஸ் தடவாதீர்கள், தடவினால் அதே டார்க்கில் அதிகமாக இறுகிவிடும். மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, ஐட்லிங்கில் விட்டு, ஸ்கேனரில் சிலிண்டர் வாரியாக மிஸ்ஃபயர் எண்ணிக்கையைப் பாருங்கள். அது ஏறினால் இங்கே வந்து எழுதுங்கள், தம்பியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

டர்போதாசன்:
ஏறாது அண்ணே. ஆனால் எண்ணிக்கையைக் கட்டாயம் எழுதுங்கள். முழு மிதியில் ஸ்கேனர் எடுத்த பதிவையும் (லாக்) சேர்த்துப் போடுங்கள்.