ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 13 பிள்ளைகள்: ஜூனுக்குள் சேர்க்கையைக் கூட்ட என்ன வழி?

காட்டுத்தடம் (கேள்வி)

வணக்கமுங்க. வெள்ளகோவில் – மூலனூர் பக்கத்துல ஒரு சின்ன ஊரு. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் மொத்தமே 13 பேரு. அஞ்சாவது முடிச்சு நாலு பேரு வெளிய போறாங்க. ஒண்ணாவதுக்கு உறுதியா இருக்கிறது ஒரே பிள்ளை. ஜூன்ல 10 பேருதான் நிப்பாங்க.

தலைமை ஆசிரியரும் இன்னொரு டீச்சரும் இருக்காங்க, ரெண்டு பேருமே நல்லாத்தான் சொல்லித் தர்றாங்க. கட்டடம், தண்ணி, கழிப்பறை எதுலயும் குறை இல்லை. ஊருக்குள்ள 60 வீடு, காலனி ஒண்ணு, மீதியெல்லாம் தோட்டத்துச் சாளைங்க (தோட்டத்துக்குள்ள இருக்கிற வீடுங்க), சுத்தி ரெண்டு மூணு கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடக்குது. காலையில ஏழே முக்காலுக்குத் தனியார் பள்ளி வேன் மூணு தடத்துல வந்து நிக்குது.

நான் பள்ளி மேலாண்மைக் குழுவில பெற்றோர் உறுப்பினர். பள்ளியை மூடிப்போடுவாங்கன்னு ஒரு பேச்சு ஓடுது. ஆங்கில வழி ஆரம்பிச்சா பிள்ளைக வரும்கிறார் ஒருத்தர், வண்டி விட்டாத்தான் வரும்கிறார் இன்னொருத்தர். எதுல தொடங்கறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பழைய வட்டாரம்

மூடுவதைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். 2019-இல் ஒரு பிள்ளைகூட இல்லாமல் போன பள்ளிகளைத்தான் நூலகமாக மாற்றினார்கள். உங்களுக்கு முன்னால் இருக்கிற ஆபத்து வேறு: இரண்டாவது டீச்சரை மாற்றுப் பணியில் வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள் இருக்க வேண்டும். ஆனால் பக்கத்துப் பள்ளியில் ஆள் இல்லை என்றால் முதலில் கண்ணில் படுவது 10 பேர் உள்ள பள்ளிதான். ஒற்றை ஆசிரியர் பள்ளி ஆன பிறகு, அவர் பயிற்சிக்குப் போகும் நாளில் பாடமே நடக்காது. அதைப் பார்த்து இருக்கிறவர்களும் போவார்கள். பணியாளர் நிர்ணயத்துக்கு, அதாவது எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்ய, ஆகஸ்ட் 1 அன்று உள்ள எண்ணிக்கையைத்தான் எடுப்பார்கள். ஆகஸ்ட் 10-இல் நீங்கள் ஐந்து பேரைச் சேர்த்தாலும் அந்த ஆண்டுக் கணக்கில் வராது. எல்லாப் பெயரும் ஜூலை கடைசிக்குள் எமிஸில் (மாணவர் விவரம் பதியும் கல்வித் துறை இணையத் தளம்) ஏறியிருக்க வேண்டும்.

தொடங்க வேண்டிய இடம் அங்கன்வாடி. ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை ஐந்து வயதில் முடிவாவதில்லை, மூன்று வயதிலேயே முடிந்துவிடுகிறது. எல்கேஜிக்கு வேனில் ஏறிய பிள்ளை ஐந்தாம் வகுப்புவரை இறங்காது. அதனால் மே மாதம் துண்டறிக்கை கொடுத்து ஊர்வலம் போவதில் பெரிய பயன் இல்லை. அங்கன்வாடிப் பதிவேட்டையும் கிராம சுகாதார செவிலியரின் தடுப்பூசிப் பதிவேட்டையும் வைத்து, ஊராட்சி எல்லைக்குள் 3, 4, 5 வயதில் இருக்கும் எல்லாக் குழந்தைகளையும் ஒரே பட்டியலில் எழுதுங்கள். ஜூலை 31-க்குள் 5 வயது நிறைகிறவர்கள் இந்த ஆண்டுக்கு, மற்றவர்கள் அடுத்த இரண்டு ஆண்டுக்கு.

பெயர், பிறந்த தேதி, பள்ளிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது எல்லோரும் எழுதுவதுதான். இன்னும் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்று, அம்மா காலையில் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறார். இரண்டு, அண்ணனோ அக்காவோ எந்தப் பள்ளியில் படிக்கிறார். மூத்தது வேனில் போனால் இளையதும் அதே வேனில்தான் போகும், அந்த வீட்டில் பேசிப் பயனில்லை. தலைப்பிள்ளை உள்ள வீடுகளுக்கு முதலில் போங்கள். அங்கே ஒரு பிள்ளை கிடைத்தால் பின்னாலேயே இன்னொன்று வரும்.

இனி காலை நேரம். பனியன் கம்பெனி வண்டியும் மில் வண்டியும் ஏழரைக்கு வந்துவிடும். பள்ளி ஒன்பது மணிக்கு மேல். இடைப்பட்ட ஒன்றரை மணி நேரம் பிள்ளையை யாரிடம் விடுவது என்பதுதான் அந்த அம்மாவின் கேள்வி. தனியார் பள்ளி வேன் அதற்குப் பதில் சொல்கிறது, அரசுப் பள்ளி சொல்வதில்லை. படிப்பின் தரம் பற்றி நாம் பேசுவதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

உங்களிடம் பதில் கையிலேயே இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் காலை உணவு உண்டு. சமைக்கிற மகளிர் குழுப் பெண்கள் விடியற்காலையிலேயே வந்துவிடுகிறார்கள், எட்டேகால் வாக்கில் பரிமாறுகிறார்கள். அப்படியானால் ஏழரைக்கே கேட்டைத் திறந்து வைக்க முடியும். ஆனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் சமைக்கிறவர் தலையில் கட்டாதீர்கள். அவர் அடுப்பை விட்டு நகர முடியாது, பிள்ளை அடுப்பங்கரைப் பக்கம் வந்தால் ஆபத்து. மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, ஊரில் இருக்கும் இரண்டு பெண்களை வாரம் மாற்றி வாரம் உட்காரச் சொல்லுங்கள். ஏதாவது மாதச் சம்பளம் குழு திரட்டிக் கொடுக்கட்டும். பெயர், நேரம், பொறுப்பு எல்லாம் தீர்மானத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தலைமை ஆசிரியர் ஒப்பமாட்டார். ஒப்பாததும் நியாயம்தான்.

சமையல் பற்றிச் சின்ன விஷயம் ஒன்று. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவை என்று கணக்கு. பத்துப் பேருக்கு அரைக் கிலோதான். அதை ஐம்பது பேருக்கு உண்டான பாத்திரத்தில் கிண்டினால் அடிப்பிடித்துப் புகை நாற்றம் அடிக்கும். பிள்ளை வீட்டில் போய் அதைத்தான் சொல்லும். சின்ன அடிகனமான பாத்திரம் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

---

ஸ்டியரிங்

வண்டி விசயத்துக்கு வர்றேங்க. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துல போக்குவரத்துப் படி உண்டு, ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரைக்கும். தொடக்க வகுப்புன்னா 1 கிலோமீட்டருக்குள்ள, ஆறு முதல் எட்டுன்னா 3 கிலோமீட்டருக்குள்ள பள்ளி இல்லாத குடியிருப்பா இருக்கோணும். உங்க சாளைங்க பாதிக்கு மேல இதுல வந்துடும்.

தலைமை ஆசிரியர் குடியிருப்பு வாரியா பட்டியல் எழுதி வட்டார வள மையத்துக்குக் கொடுக்கோணும். வான்வழித் தூரம் எடுக்காதீங்க, பிள்ளை நடக்கிற தடத்தோட தூரத்தை எழுதுங்க. நடுவுல ரயில் பாதை, பெரிய ரோடு, மழையில தண்ணி வர்ற பள்ளம் இருந்தா அதையும் குறிச்சுடுங்க. இது ஆண்டுத் திட்டத்தோட சேர்ந்து போற பட்டியல், ஜூன்ல எழுதினா பிந்திப்போகும்.

பத்துப் பிள்ளைக்கு 10 மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 6,000. பள்ளி நடக்கிறது 22 நாள்னா நாளைக்கு 272 ரூபாய். ஆட்டோவுல அஞ்சு பிள்ளைக்கு மேல ஏத்தக் கூடாது, அதனால காலையில ரெண்டு நடை, சாயங்காலம் ரெண்டு நடை. தோட்டங்க எல்லாம் ஒரே தடத்துல இருந்தா இந்தக் காசுக்கு ஓடும். கெழக்க ஒண்ணு மேக்க ஒண்ணுன்னு இருந்தா ஓடாது, ஊர்ப் பணம் சேரோணும்.

ரெண்டு இடத்துல அடி வாங்குவீங்க. ஒண்ணு, பணம் மாசா மாசம் வராது. 2024-25-ல ஒன்றிய அரசோட பங்கே வராம நின்னு போச்சு. ஆட்டோக்காரர் ஒரு மாசம் பொறுப்பார், ரெண்டாவது மாசம் நிறுத்திடுவார். நடுவுல நின்னா அந்தப் பிள்ளைக திரும்ப வேனுக்குப் போயிடும், அப்புறம் கூப்பிட்டாலும் வராது. மூணு மாச வாடகையைக் கையில வச்சுக்கிட்டுத் தொடங்குங்க. அது முடியலைன்னா இந்த வருசம் வண்டி வேண்டாம்.

ரெண்டாவது, யாராவது தோட்டக்காரர் சொந்த ஆம்னி வேனைச் சும்மா கிடக்குதேன்னு கொடுப்பார். வெள்ளை போர்டு வண்டியில வாடகைக்குப் பிள்ளைகளை ஏத்தறது தப்பு. ஏதாவது ஒண்ணு ஆனா இன்சூரன்ஸ் கை விரிச்சுடும். நல்ல மனசோட கொடுத்தவர் கோர்ட்டுக்கு அலைவார்.

---

காட்டுத்தடம்

ரெம்ப நன்றிங்க. தலைப்பிள்ளை கணக்கு எங்களுக்குத் தோணவே இல்லை. இன்னொண்ணு. ஊரைச் சுத்தித் தேங்காய் காயப்போடற களமும் அரிசி ஆலையும் இருக்குது. பீகார், ஒடிசாக் குடும்பங்க அங்கயே தங்கியிருக்காங்க, பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளை எட்டு ஒம்பது பேரைப் பாக்கறோம். சான்றிதழ் எதுவும் இல்லைன்னு சொல்றாங்க. சேத்த முடியுமா?

---

களத்துமேடு

தாராளமாக முடியும். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. பெற்றோர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியே போதும். ஆதார் இல்லாவிட்டாலும் சேர்க்கலாம். இருந்தால் அதில் உள்ள எழுத்துப்படியே பெயரை எமிஸில் ஏற்றுங்கள். காதில் விழுந்தபடி எழுதிவிட்டால் பின்னால் வங்கிக் கணக்கு, உதவித்தொகை எல்லாவற்றிலும் இடிக்கும்.

களத்துக்குப் போகும்போது தாய் தகப்பனிடம் பேசும் முன் களத்து முதலாளியிடம் பேசுங்கள். அதிகாரிகள் வந்து பிள்ளைகளைப் பார்த்தால் வம்பாகிவிடும் என்ற பயத்தில் அவர் ‘இங்கே பிள்ளைகளே இல்லை’ என்பார். 14 வயதுக்கு உட்பட்டவர் களத்தில் தேங்காய் பொறுக்கினால்தான் அவருக்கு வம்பு. பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருந்தால் அது அவருக்கே பாதுகாப்பு. இதை நேரே சொன்னால் பெரும்பாலும் வழிக்கு வருவார். சிலர் வண்டியே கொடுத்து அனுப்புவார்கள் (மேலே சொன்ன வெள்ளை போர்டு விசயம் இதற்கும் பொருந்தும்).

வகுப்பு விசயத்தில் கவனம். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது என்று ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் ஒரு வாரத்தில் நின்றுவிடும். வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், சட்டமும் அதுதான். தொடக்கப் பள்ளிகளில் வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ முறையில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பதால் நான்காம் வகுப்பில் பெயர் இருந்தாலும் எழுத்தை அரும்பில் தொடங்கலாம். தீபாவளியை ஒட்டி வரும் பீகார்ப் பண்டிகையான சாத் பூஜைக்கு ஊருக்குப் போகிறவர்கள் திரும்பி வர மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்குள் பெயரை நீக்கிவிட வேண்டாம். முதலாளியிடம் கேட்டால் எப்போது திரும்புகிறார்கள் என்று அவருக்குத் தெரியும், முன்பணம் அவரிடம்தானே வாங்கியிருப்பார்கள்.

---

மஞ்சக்காடு

யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். தோட்டத்து வீடுகள் பலவற்றில் வேனுக்குக் காரணம் ஆங்கிலமும் இல்லை, தூரமும் இல்லை. ‘அது காலனிப் பிள்ளைக படிக்கிற பள்ளிக்கூடம்’ என்பதுதான். அவர்களை இழுக்க ஆண்டு விழா, புதுப் பெயின்ட் என்று போனால் காசுதான் கரையும். ஏற்கெனவே நம்பி அனுப்புகிற காலனி வீடுகளில் ஒரு பிள்ளையும் குறையாமல் பார்ப்பது முதல் வேலை. உங்கள் குழுவில் அவர்களுக்கு இருக்கை இருக்கிறதா, கூட்டம் அவர்கள் வேலை முடிந்து வரும் நேரத்தில் நடக்கிறதா என்று பாருங்கள். முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிவுற்ற பிரிவினருக்கு விகிதப்படி இடம் என்பது 21-ஆம் பிரிவு.

காலை உணவு சமைப்பவர் இன்னார் என்று தெரிந்து ‘ஆளை மாத்துனா பிள்ளையை அனுப்பறோம்’ என்று ஒரு பேச்சு வரும். சேர்க்கை கூடுமே என்று அதற்கு இறங்கிப் போகாதீர்கள். சாதியைக் காட்டி ஒருவரைச் சமையலில் இருந்து விலக்கினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு வரும், கையெழுத்துப் போட்டவரும் மாட்டுவார்.

---

பழைய வட்டாரம்

ஆங்கில வழி பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு நடக்கிறது, தடையில்லை. ஆனால் இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு, அதிலும் இரண்டு வழி என்றால் ஒரே அறையில் டீச்சர் எதை நடத்துவார்? சுவரில் ‘ஆங்கில வழி’ என்று எழுதி வைக்கத்தான் ஆகும். என் யோசனை, வேண்டாம். அரசுப் பணியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பில் இருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். இதைப் பல பெற்றோருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டை மட்டும் ஒன்றாம் வகுப்புப் பிரசாரத்தில் சேர்க்காதீர்கள். அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றுதான் விதி. விவரம் தெரிந்த ஒரு தகப்பன் எழுந்து கேட்டால் நீங்கள் சொன்ன மற்றதையும் நம்பமாட்டார்கள்.

---

தாளவாடி மேடு

மலைப் பக்கம் இருந்து ஒன்று. வெறும் வண்டிக் கணக்கு எல்லா இடத்துக்கும் ஒத்து வராது. தாளவாடி, கடம்பூர், பர்கூர் மலையில் யானைத் தடத்தைத் தாண்டி நடக்கிற பிள்ளைக்கு ஆட்டோ போகப் பாதையே இருக்காது. அங்கே, மேலே வண்டிப் படிக்குச் சொன்ன அதே திட்டத்தில் துணைக்கு நடந்து கூட்டி வரும் ஆளுக்குப் படி கேட்கலாம். கரும்பு வெட்டக் கீழ்நாட்டுக்குக் குடும்பத்தோடு இறங்கும் ஊர்களாக இருந்தால் பருவகால விடுதி கேளுங்கள், பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளுக்கு அது உதவும். உங்கள் சமவெளிக்கு இது தேவைப்படாது, ஆனால் பட்டியலில் தூரத்தோடு தடத்தின் நிலையையும் எழுத வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம்.

---

காட்டுத்தடம்

ஊர் நோம்பி (கோயில் திருவிழா) முடியறதுக்குள்ள பட்டியலை முடிச்சுடறோமுங்க, வெளியூர் போனவங்களும் அப்ப ஊருக்கு வந்திருப்பாங்க. இன்னொரு சந்தேகம். அஞ்சாவதுக்கு மேல நடுநிலைப் பள்ளி நாலு கிலோமீட்டர், டவுன் பஸ் எட்டே காலுக்குப் போயிட்டா அப்புறம் பத்தரைக்குத்தான். ‘அஞ்சாவதுக்கப்புறம் எப்படியும் வேன்தானே, இப்பவே ஏத்திடறோம்’னு சொல்றவங்களுக்கு என்ன சொல்றது?

---

ஸ்டியரிங்

பஸ் நேரத்தை மாத்தக் கேளுங்க. ‘மாணவர் நலன் கருதி’ன்னு பொதுவா எழுதினா ஃபைல்ல தூங்கும். தட எண், இப்ப பஸ் வர்ற நேரம், உங்களுக்கு வேண்டிய நேரம், எந்த நிறுத்தத்துல எத்தனை மாணவர் ஏறுவாங்க, இந்த நாலையும் ஒரே பக்கத்துல எழுதி, தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி ரெண்டு தலைமை ஆசிரியர்கிட்டயும் கையெழுத்து வாங்கிப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர்கிட்டக் கொடுங்க. அரை மணி நேரம் தள்ளி விடறதுன்னா பெரும்பாலும் கிளையிலயே பேசி முடிக்கலாம், கூடுதல் நடை கேட்டாத்தான் மேல போகும்.

மே 1 கிராம சபையில இதையும், காலைக் கேட் திறக்கிறதையும், வண்டிப் படிப் பட்டியலையும் தனித்தனித் தீர்மானமா ஏத்துங்க. ஒண்ணாச் சேத்து எழுதினா எந்த அலுவலகமும் தனக்கு வந்ததுன்னு எடுத்துக்காது. நகல்ல ஊராட்சிச் செயலர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, வட்டாரக் கல்வி அலுவலகத்துல கொடுக்கையில் ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கிக்கோங்க.