அண்ணனின் இயலாமை இழப்பீட்டை மறுத்துவிட்டார்கள், அவசர உதவி தேவை

ஃபீனிக்ஸ்வாசி: வணக்கம். தென்னாப்பிரிக்கப் படையில் பணியாற்றிய என் அண்ணனுக்கு இரண்டு காதுகளும் ஏறக்குறையக் கேட்பதில்லை. இழப்பீட்டு விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள்; உடன் பணியாற்றிய இன்னொருவருக்கோ கிடைத்திருக்கிறது. இது நியாயமா? அடுத்து என்ன செய்வது?

கடலோரக்கிழவர்: எந்தப் படை, எந்த ஆண்டுகள், மறுப்புக் கடிதம் எப்போது வந்தது?

சாட்ஸ்வொர்த் மணி: இதில் கேட்க என்ன இருக்கிறது? இரண்டாம் உலகப் போரில் நம் இந்திய வம்சாவளியினரிடம் துப்பாக்கியைக் கொடுக்காமல் வண்டி ஓட்டவும் காயம்பட்டவர்களைச் சுமக்கவும் அனுப்பிய நாடு இது.

சட்டப்புத்தகம்: இதே கேள்வி அடிக்கடி வருகிறது, தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமையில்லை. 2011ஆம் ஆண்டின் முன்னாள் படைவீரர் சட்டம், 1960 முதல் 1994 வரை நடந்த விடுதலைப் போரில் எந்தத் தரப்பில் இருந்தவரையும் ஒரே வரையறைக்குள் கொண்டுவருகிறது. பாதிப்பு படைப்பணியால் வந்தது என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

டர்பன் செவிலி: "அவ்வளவுதான்" என்று எழுதுவது எளிது, ஐயா. அரசுப் படையில் சேர்ந்தவருக்கு மருத்துவக் கோப்பாவது இருக்கும். அங்கோலா முகாமில் குண்டுவெடிப்பில் செவிப்பறை கிழிந்த விடுதலைப் போராளிக்கு யார் கோப்பு வைத்தார்கள்? இருவரிடமும் ஒரே சான்றைக் கேட்பது சமநீதியாகத் தோன்றினாலும், காகிதம் வைத்திருந்த தரப்புக்கே அது சாதகமாக முடிகிறது.

சட்டப்புத்தகம்: அதற்காகச் சான்றே வேண்டாமா? வயதானால் எல்லோருக்கும்தான் காது மந்தமாகிறது.

டர்பன் செவிலி: பேரொலியால் கெட்ட காதின் கேள்திறன் வரைபடத்தில் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் தெரியும். முதுமை கூடக்கூட அந்தப் பள்ளம் மறைந்துவிடுவதால், பழைய வரைபடத்துக்கே மதிப்பு அதிகம்.

ஃபீனிக்ஸ்வாசி: மன்னிக்கவும், கடற்படை. 1980களில் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில், இந்திய வம்சாவளியினருக்கான கடற்படைத் தளமான ஜல்சேனாவில் பயிற்சி, பிறகு கப்பலின் இயந்திர அறை. கடிதம் சென்ற மாதம் வந்தது; அதில் காரணம் ஏதுமில்லை.

கடலோரக்கிழவர்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், தம்பி. 2000ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டப்படி, முடிவு தெரிந்த 90 நாட்களுக்குள் எழுத்துமூலமாகக் காரணம் கேளுங்கள். அவர்களும் 90 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தகவல் பெறும் சட்டப்படி பணிக்கால மருத்துவக் கோப்பின் நகலையும் கேளுங்கள். அரசின் சமூக உதவித்தொகை முகமையான சாஸாவின் போர்வீரர் உதவித்தொகைக்காக அலைய வேண்டாம். அது இரண்டாம் உலகப் போரிலோ கொரியப் போரிலோ இருந்தவர்களுக்கு மட்டுமே உரியது.

சாட்ஸ்வொர்த் மணி: அந்த இன்னொருவருக்கு மட்டும் எப்படிக் கிடைத்ததாம்?

ஃபீனிக்ஸ்வாசி: இரண்டு கடிதங்களையும் அனுப்பிவிட்டோம், நன்றி. அந்த இன்னொருவர் பணியிலிருந்து விலகும்போது எடுத்த கேள்திறன் வரைபடத்தைப் பத்திரப்படுத்தியிருந்தாராம்.

டர்பன் செவிலி: உங்கள் அண்ணனுக்கும் அப்போது சோதனை செய்தார்களா?