எல்எஸ் ஆப்ஷன் லிஸ்ட் எங்க இருக்கு? --ஹெல்ப் எரர் அடிக்குது, அவசரம்

பின்மாலை
டெர்மினல்ல ஃபைல்களை லிஸ்ட் பண்ற எல்எஸ் கமாண்டுல -எல் போட்டா சில ஃபைலுக்கு தேதியோட மணி வருது, சிலதுக்கு மணி இருக்க வேண்டிய இடத்துல வருஷம் வருது. எனக்கு எல்லாத்துக்கும் ரெண்டும் வேணும், நொடியோட. கடைசியா மாத்தினது கீழ வரணும். --ஹெல்ப் போட்டேன், எரர். நெட்ல பார்த்து --ஃபுல்-டைம் போட்டேன், அதுவும் எரர். சீக்கிரம் யாராவது சொல்லுங்க.

நெடுவரி
என்ன சிஸ்டம்? உபுண்டுவா, மேக்கா, டாக்கருக்குள்ள ஓடுற ஆல்பைன் லினக்ஸா? எரர் வரியை அப்படியே இங்க ஒட்டுங்க.

காலிக்கோப்பு
அலையஸா இருக்கும், அதாவது அந்தப் பேர்ல யாரோ வச்ச சுருக்கு கமாண்ட். 'டைப் எல்எஸ்' அடிச்சுப் பாருங்க. அலையஸ்னு காட்டினா முன்னாடி ஒரு பேக்ஸ்லாஷ் போட்டு ஓட்டுங்க, ஒரிஜினல் கமாண்ட் ஓடும்.

நெடுவரி
அலையஸ் ஆப்ஷனைச் சேர்க்கும், --ஹெல்ப்பை எடுத்துடாது. சிஸ்டம் தெரியாம இதைப் பேசிப் பயனில்லை.

மூலவிதி
மாதம் ஒருமுறையாவது இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. 'மேன் எல்எஸ்' என்று அடித்தால் கையேட்டுப் பக்கம் வரும், அதில் எல்லாம் இருக்கிறது. அதைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் ஃபைல் மேனேஜரிலேயே இருந்துகொள்ளலாம்.

திசைகாட்டி
மேன் பக்கத்தைக் காட்டினா, தேடுற வழியையும் சொல்லணும் சார். உள்ளே போனதும் ஸ்லாஷ் அடிச்சு 'டைம்'னு ஆங்கிலத்துல டைப் பண்ணி என்டர். அடுத்த இடத்துக்கு சின்ன 'என்', வெளியே வர 'க்யூ'.

எல்லாமே அதுல இருக்குன்னும் சொல்ல முடியாது. லினக்ஸ்ல வர்ற க்னூ எல்எஸ் மேன் பக்கம் 'சமீபத்திய ஃபைல்'னு மட்டும்தான் சொல்லுது. சமீபத்தியதுக்கு மணி வரும், பழசுக்கு வருஷம் வரும். எது சமீபம்ங்கிற விளக்கம் க்னூவோட விரிவான கையேடான இன்ஃபோ ஆவணத்துல இருக்கு: ஆறு மாசத்துக்கு உட்பட்டது. நிரலுக்குள்ள அது 1,57,78,476 நொடி, ஒரு வருஷத்துல சரிபாதி.

மூலவிதி
இன்ஃபோவை இன்று யார் திறக்கிறார்கள்? மேன் பக்கம் போதுமானது.

திசைகாட்டி
அந்த மேன் பக்கத்தோட கடைசி வரிகளே முழு ஆவணத்துக்கு இன்ஃபோவைத்தான் காட்டுது. சிலதுக்கு ஏன் வருஷம் வருதுங்கிறதுக்குப் பதிலும் அங்கதான் இருக்கு.

பின்மாலை
மேக். அன்ரெகக்னைஸ்டு ஆப்ஷன்னு வந்து, கீழ யூசேஜ்னு போட்டு எழுத்தா கொட்டுது.

திசைகாட்டி
அதை முதல்லயே சொல்லியிருக்கலாம். மேக்ல இருக்கிறது பிஎஸ்டிங்கிற வேற யூனிக்ஸ் வழி வந்த எல்எஸ். --ஹெல்ப், --ஃபுல்-டைம் எல்லாம் க்னூவோடது, இங்க கிடையாது. ஆனா நீங்க எரர்னு தள்ளின அந்த யூசேஜ் வரிதான் நீங்க தேடின லிஸ்ட். சதுர அடைப்புக்குள்ள இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஆப்ஷன். பெரிய எழுத்து வேற, சின்ன எழுத்து வேற. அர்த்தத்துக்கு 'மேன் எல்எஸ்'.

உங்களுக்கு வேண்டியது: சின்ன எல், சின்ன டீ, சின்ன ஆர், பெரிய டீ. நாலையும் ஒரே மைனஸுக்குப் பின்னால சேர்த்து எழுதலாம். சின்ன டீ நேரப்படி அடுக்கும், புதுசு மேல. ஆர் அதைத் தலைகீழாக்கும். பெரிய டீ மாசம், நாள், மணி, நிமிஷம், நொடி, வருஷம் எல்லாத்தையும் காட்டும். ஆனா சின்ன எல் கூட இருந்தாதான்.

இதையே லினக்ஸ் சர்வர்ல போய் அடிச்சுடாதீங்க. அங்க பெரிய டீ டேப் அகலம், பின்னால எண் கேட்டு நிக்கும். அங்க --ஃபுல்-டைம் போடுங்க. பெரிய ஜியும் இப்படித்தான்: மேக்ல கலர், லினக்ஸ்ல நீள லிஸ்ட்ல குரூப் பேரை மறைக்கும்.

காலிக்கோப்பு
மேக்ல சாஃப்ட்வேர் இறக்குற ஹோம்ப்ரூல, க்னூ கமாண்டுத் தொகுப்பான கோர்யூட்டில்ஸ் போட்டுட்டா 'ஜிஎல்எஸ்'னு க்னூ எல்எஸ் கிடைக்குமே. ரெண்டு இடத்துலயும் ஒரே ஆப்ஷன்.

நெடுவரி
ஒரு பெரிய டீக்காக அதெல்லாம் வேண்டாம். தினமும் சர்வர்லயும் மேக்லயும் மாறி மாறி வேலை செய்றவங்களுக்கு சரி.

பின்மாலை, இந்த லிஸ்டை ஸ்கிரிப்ட்ல வெட்டி எடுத்துப் பழைய ஃபைலை அழிக்கப் போறீங்களா? அப்படின்னா எல்எஸ் வேண்டாம். பேர்ல ஸ்பேஸ் இருந்தாலே வெட்டுற இடம் தப்பிப் போய் வேற ஃபைல் அழியும். ஃபைல் தேடுற ஃபைண்ட் கமாண்டுல -எம்டைம் போட்டு, கடைசியா மாத்தின நாளை வச்சுப் பொறுக்குங்க. அழிக்கிறதுக்கு முன்னாடி பேரை மட்டும் காட்டுற -பிரிண்ட்ல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.

பின்மாலை
பெரிய டீ வேலை செஞ்சுது. நன்றி.

நெடுவரி
ஸ்கிரிப்டா இல்லையான்னு சொல்லலையே?