பாலஸ்தீன விவசாயப் பணிக் குழுக்களின் ஒன்றியம்: வளர்ச்சி அமைப்பு அரசியல் பேசலாமா?

செந்தாழை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு பாலஸ்தீனத்தின் விவசாயப் பணிக் குழுக்களின் ஒன்றியத்தை எடுத்திருக்கிறேன். 1986-ல் தொடங்கிய அமைப்பு. மேற்குக் கரையிலும் காசாவிலும் விவசாயிகளோடு வேலை செய்கிறது. ஹெப்ரானில் நாட்டு விதை வங்கி நடத்துகிறது. 2014-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வழங்கும் ஈக்வேட்டர் பரிசு வாங்கியது. 2021 அக்டோபரில் இஸ்ரேல் பயங்கரவாத அமைப்புகள் என்று அறிவித்த ஆறு பாலஸ்தீன நிறுவனங்களில் இதுவும் ஒன்று.

என் வழிகாட்டிப் பேராசிரியர் ஒரே கேள்வியில் நிற்கிறார்: "விதை கொடுப்பவர்கள் விதை கொடுக்கட்டும், தொட்டி கட்டுபவர்கள் தொட்டி கட்டட்டும். மேற்குக் கரையில் இஸ்ரேல் தன் மக்களுக்காகக் கட்டும் குடியேற்றங்களை எதிர்த்து உலகம் முழுக்கப் பிரசாரம் செய்வது அவர்கள் வேலையா? அதனால்தானே இவ்வளவு சிக்கலும்?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் எனக்கு நேராகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த ஊர்ப் பக்கம் வேலை செய்தவர்களோ, இதைக் கவனமாகப் படித்தவர்களோ இருந்தால் உதவுங்கள்.

வைகறை எழுதியது:

உங்கள் பேராசிரியர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் டோலெவ் குடியேற்றத்துக்குப் பக்கத்தில் ஒரு நீரூற்றில் குண்டு வெடித்து ரீனா ஷ்னெர்ப் என்ற 17 வயதுப் பெண் இறந்தாள். அந்த வழக்கில் கைதானவர்களில் இரண்டு பேர் இந்த ஒன்றியத்தில் வேலை பார்த்தவர்கள். பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணி என்ற, ஆயுதப் பிரிவும் உள்ள இடதுசாரிக் கட்சியோடு இந்த அமைப்புக்குப் பழைய தொடர்பு உண்டு என்பதும் ஊரறிந்த விஷயம். ஒன்றியத்துக்கு நிதி கொடுத்துவந்த நெதர்லாந்து அரசு சும்மா பணத்தை நிறுத்தவில்லை. ஆய்வேட்டில் இதை ஒளிக்காமல் எழுதுங்கள்.

கொன்றை எழுதியது:

செந்தாழை, நான் சில வருடங்கள் ரமல்லாவில் ஓர் ஐரோப்பிய உதவி நிறுவனத்தில் திட்டக் கண்காணிப்பு வேலை பார்த்தேன். ஒன்றியம் எங்களுக்கு நேரடிப் பங்காளி இல்லை. ஆனால் ஹெப்ரானுக்குத் தெற்கே அவர்கள் வேலை செய்த அதே மலைச்சரிவுகளில்தான் நாங்களும் வேலை செய்தோம். அந்த மக்கள் மேல் எனக்குப் பற்று உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டே நான் சொல்வதைப் படியுங்கள்.

உங்கள் பேராசிரியருக்கான பதில் நிலச் சட்டத்தில் இருக்கிறது.

1967 போரில் இஸ்ரேல் பிடிப்பதற்கு முன்பு மேற்குக் கரையில் ஜோர்டான் அரசு நிலப்பதிவு செய்துகொண்டிருந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிலம்தான் முடிந்திருந்தது. 1968-ல் இஸ்ரேல் ஒரு ராணுவ உத்தரவு போட்டு அந்தப் பதிவையே நிறுத்திவிட்டது. மீதி நிலம் வைத்திருப்பவர்களிடம் நம் ஊர்ப் பட்டா மாதிரி உறுதியான பத்திரம் இல்லை. பழைய வரி ரசீது இருக்கும், தாத்தா நட்ட ஒலிவ மரம் இருக்கும், அவ்வளவுதான்.

1979-ல் எலோன் மோரே வழக்கில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பைக் காரணம் காட்டித் தனியார் நிலத்தை எடுத்து அங்கே குடியேற்றம் கட்டக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு அரசு வேறு வழியைப் பிடித்தது. 1858-ல் வந்த ஒட்டோமான் நிலச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். அந்தச் சட்டப்படி ஒரு வகை நிலத்தில் தொடர்ந்து பயிர் செய்தால் உரிமை வரும், மூன்று வருடம் தரிசாகப் போட்டால் உரிமை போகும். போனால் அது அரசு நிலம். எந்தத் துண்டு எந்த வருடம் உழப்பட்டது என்பதை வானிலிருந்து எடுத்த படங்களை வைத்துப் பார்க்கிறார்கள். லட்சக்கணக்கான துனம் நிலம் (ஒரு துனம் என்பது ஏறக்குறைய கால் ஏக்கர்) இப்படி அரசு நிலமாக அறிவிக்கப்பட்டது. அரசு நிலத்தில் ஒதுக்கீடு செய்யப்பட்டதில் ஏறக்குறைய எல்லாமே குடியேற்றங்களுக்குத்தான் போனது.

இப்போது ஒன்றியம் செய்யும் வேலையைப் பாருங்கள். சரிந்துபோன கல் வரப்புகளை மறுபடி கட்டி, பாறைச்சரிவைப் படிப்படியான வயலாக்கித் தருகிறார்கள். வயலுக்கு வண்டி போக மண் சாலை போடுகிறார்கள். மழைநீர்த் தொட்டி வெட்டுகிறார்கள். கன்று கொடுக்கிறார்கள். உலகத்தில் வேறெங்கு செய்தாலும் இதை நில மேம்பாடு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அங்கே ஒரு சரிவை உழுவதே "இது என் நிலம்" என்று சாட்சி சொல்வதாக ஆகிறது. அந்த விவசாயி எந்தக் கொடியும் பிடிக்க வேண்டியதில்லை, கலப்பையைப் பிடித்தாலே அது அரசியல்.

அப்புறம் அனுமதி. 1995-ல் வந்த இரண்டாம் ஒஸ்லோ உடன்படிக்கை மேற்குக் கரையில் ஒரு பகுதியை "சி" பகுதி என்று இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டில் விட்டது; இப்போது அது சுமார் 60 சதவீதம். அங்கே தொட்டி வெட்ட, கொட்டகை போட, குழாய் பதிக்க எல்லாவற்றுக்கும் ராணுவத்தின் சிவில் நிர்வாகம் அனுமதி தர வேண்டும். பாலஸ்தீனருக்கு அது கிடைப்பது அபூர்வம். அனுமதி இல்லாமல் கட்டினால் இடிப்பு உத்தரவு வரும். ஹெப்ரானுக்குத் தெற்கே யத்தா என்ற ஊர்ப் பக்கம் ஒரு பெரியவர், இடிந்த தொட்டிக்குள் கிடந்த கான்கிரீட் துண்டுகளைத் தன் பேரனோடு சேர்ந்து வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். எங்கள் அறிக்கைப் படிவத்தில் எத்தனை தொட்டி கட்டினோம் என்று எழுத ஒரு பத்தி இருந்தது. எத்தனை இடிக்கப்பட்டது என்று எழுத இடமே இல்லை. அந்தப் படிவத்தை நிரப்பும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இடித்ததைப் பற்றி வெளியே பேசாமல் அடுத்த தொட்டிக்கு மட்டும் நிதி கேட்பது எப்படி நேர்மை ஆகும்? கொடையாளர் நாட்டு நாடாளுமன்ற உறுப்பினரிடம் போய் "நீங்கள் கொடுத்த தொட்டியை இடித்துவிட்டார்கள், கேளுங்கள்" என்று சொல்வதைத்தான் உங்கள் பேராசிரியர் பிரசாரம் என்கிறார். அதைச் சொல்லாத அமைப்பு தன் வேலையில் பாதியை விட்டுவிடுகிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

வைகறை சொன்னது தனி விஷயம், அதைத் தனியாகத்தான் பேச வேண்டும். 80-களில் மேற்குக் கரையில் மருத்துவம், விவசாயம், பெண்கள் அமைப்பு என்று தன்னார்வக் குழுக்கள் தோன்றியபோது, ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு கட்சியின் நிழலில்தான் வளர்ந்தது. சொந்த அரசாங்கம் கிடையாது, தேர்தல் கிடையாது, கட்சிகளுக்குத் தடை. மருத்துவ நிவாரணக் குழுக்கள் கம்யூனிஸ்டுகள் பக்கம். விவசாயப் பணிக் குழுக்கள் மக்கள் முன்னணி பக்கம். 1987-ல் தொடங்கிய முதல் இன்டிபாதா என்ற மக்கள் எழுச்சியில் தெருவுக்குத் தெரு காய்கறித் தோட்டம் போட்ட மக்கள் குழுக்களையே 1988 ஆகஸ்டில் இஸ்ரேல் சட்டவிரோதம் என்று அறிவித்தது. அதனால் பழைய தொடர்பு உண்டு என்பதை நானும் மறுக்கவில்லை. அந்தப் பெண்ணின் சாவு கொடுமையானது. குற்றம் செய்தவர் யாரானாலும் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் நெதர்லாந்து விசாரணை என்ன கண்டது என்பதை முழுசாகப் படியுங்கள், வைகறை. 2020 ஜூலையில் நிதியை நிறுத்தி வைத்துவிட்டு, ப்ராக்சிமிட்டீஸ் என்ற நிறுவனத்திடம் விசாரணையைக் கொடுத்தார்கள். 2007 முதல் 2020 வரையிலான காலத்தைப் பார்த்தார்கள். ஊழியர்களும் நிர்வாகக் குழுவினருமாக 34 பேருக்குத் தனிப்பட்ட முறையில் மக்கள் முன்னணித் தொடர்பு இருந்தது, சிலர் அங்கே பொறுப்பிலும் இருந்தார்கள் என்று கண்டார்கள். அதே அறிக்கை, ஒன்றியத்திலிருந்து முன்னணிக்குப் பணம் போனதற்கு ஆதாரம் இல்லை என்றும், அமைப்பைப் பயன்படுத்தி வன்முறையைத் திட்டமிட்டதற்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. அப்படியிருந்தும் 2022 ஜனவரியில் அந்த அரசு நிதியை ஒரேயடியாக முடித்துக்கொண்டது. நிர்வாகக் குழுவை மாற்று, கட்சிப் பொறுப்பில் இருப்பவர் இங்கே இருக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கலாம். அதைச் செய்யாமல் ஆயிரக்கணக்கான விவசாயிகளின் கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது தவறான முடிவு என்பதே என் கருத்து.

வைகறை எழுதியது:

34 பேர் என்பது சின்ன எண்ணிக்கை இல்லையே? கொடுப்பவர் நாட்டு வரிப்பணம். பணம் போகவில்லை என்பது சரி, ஆனால் பொறுப்பில் இருந்தவர்கள் பற்றி அவர்களே முன்கூட்டி வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது. மற்றபடி நிலச் சட்டம் பற்றி நீங்கள் எழுதியது எனக்குப் புதிது. நன்றி.

கொன்றை எழுதியது:

சின்ன எண்ணிக்கை இல்லைதான். வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பதையும் ஏற்கிறேன். கட்சி உறுப்பினர் என்ற ஒரே காரணத்துக்கே சிறைக்குப் போகக்கூடிய ஊரில் அதை யார் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

செந்தாழை எழுதியது:

அக்கா, ரொம்ப நன்றி. நிலப்பதிவு விஷயம் நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு தெளிவாக இல்லை. இன்னும் ஒரு சந்தேகம். 2021 அறிவிப்புக்குப் பிறகு எப்படி வேலை செய்கிறார்கள்? அமைப்பையே மூடிவிட்டு வேறு பெயரில் அமைதியாக விதை மட்டும் கொடுத்திருக்கலாமே என்று என் வகுப்பில் ஒருவன் கேட்டான்.

கொன்றை எழுதியது:

அறிவிப்பு வந்தது 2021 அக்டோபர் 19. அடுத்த மாதமே ராணுவம் மேற்குக் கரையிலும் அந்த அமைப்புகளைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. மனித உரிமை அமைப்பு அல்-ஹக், கைதிகள் உரிமை அமைப்பு அத்தமீர், பிஸான் ஆய்வு மையம், குழந்தைகள் உரிமை அமைப்பு, பெண்கள் குழுக்களின் ஒன்றியம், அப்புறம் இவர்கள். 2022 ஜூலையில் பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து உட்பட ஒன்பது ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து, தங்கள் கொள்கையை மாற்றும் அளவுக்கு இஸ்ரேல் எந்தத் தகவலும் தரவில்லை, இவர்களோடு தொடர்ந்து வேலை செய்வோம் என்று அறிக்கை விட்டன. அடுத்த மாதம் 18-ம் தேதி விடியற்காலையில் ராணுவம் ரமல்லாவுக்குள் வந்து இந்த ஆறு பேரின் அலுவலகங்களையும், சுகாதாரப் பணிக் குழுக்களின் ஒன்றியம் என்ற வேறோர் அமைப்பின் அலுவலகத்தையும் உடைத்து, பொருட்களை எடுத்துக்கொண்டு, கதவுக்கு இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்துவிட்டுப் போனது. நெதர்லாந்து அந்த ஒன்பது நாடுகளில் ஒன்று என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் நிதியை முடித்த அதே நாடுதான் ஜூலையில் ஆதாரம் போதாது என்று கையெழுத்துப் போட்டது.

வாயை மூடிக்கொண்டு விதை மட்டும் கொடுத்திருந்தால் விட்டிருப்பார்களா என்பதற்கு 2025 ஜூலை 31 பதில் சொல்கிறது. அன்றைக்கு ஹெப்ரானில் இருந்த அவர்களுடைய விதைப் பெருக்க மையத்துக்குள் ராணுவம் புல்டோசரோடு போய் இடித்தது. இடிபட்ட இடத்தில் பிரசாரம் எதுவும் நடக்கவில்லை. அங்கே இருந்தது விதையும் கருவிகளும்தான்.

இன்னொன்றும் பாருங்கள். 1968-ல் நிறுத்திய நிலப்பதிவை "சி" பகுதியில் தாங்களே நடத்தப்போவதாக 2025 மே மாதம் இஸ்ரேல் அமைச்சரவை முடிவெடுத்தது. அந்த அலுவலகத்தில் போய் நிற்கும்போது எந்த விவசாயி எந்தச் சரிவை உழுதிருக்கிறான் என்பதுதான் பேச்சாக இருக்கும். அதனால் ஒன்றியத்தின் வேலையும் வாதாடலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் நிற்கும். உங்கள் வகுப்பு நண்பருக்கு இதைச் சொல்லுங்கள்.

நாட்டுவிதை எழுதியது:

விதைப் பெருக்க மையம் என்று கொன்றை எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை. நான் காய்கறி விதை சேகரிப்பவன். பலர் விதை வங்கி இருக்கிறதே, ஒரு கட்டடம் போனால் என்ன என்று நினைக்கலாம். குளிரறையில் வைத்த விதை சாகாமல் இருப்பதில்லை, வருடா வருடம் முளைப்புத் திறன் குறையும். சில வருடங்களுக்கு ஒருமுறை மண்ணில் போட்டு வளர்த்துப் புது விதை எடுக்க வேண்டும். வெள்ளரி, பூசணி மாதிரிப் பயிரில் தேனீ வந்து பக்கத்து ரகத்தோடு கலந்துவிடும், அதனால் தள்ளித் தள்ளி நட வேண்டும் அல்லது பூவை மூடிக் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். வங்கியில் இருக்கும் ஒரு பிடி விதை விவசாயிக்குக் கொடுக்கும் அளவுக்கு மூட்டையாவது பெருக்க மையத்தில்தான். அதை இடித்தால் விதை போவதோடு, அடுத்த சில பருவங்களுக்கு விவசாயிக்குக் கொடுக்கும் வழியும் அடைபடும்.

மேற்குக் கரையின் நாட்டு ரகங்களில் பல, பாசனமே இல்லாமல் குளிர்கால மழையில் நனைந்த மண்ணின் ஈரத்தை வைத்துக் கோடையில் காய்க்கும். ஃபக்கூஸ் என்ற வரி வெள்ளரி ஒரு உதாரணம். கிணறு வெட்ட அனுமதி கிடைக்காத ஊரில் தண்ணீர் கேட்காத விதைக்கு என்ன மதிப்பு என்று யோசியுங்கள். 2024 அக்டோபரில் இவர்கள் நார்வேயின் ஸ்வால்பார்ட் விதைக் காப்பகத்துக்குக் காய்கறி, பயறு, மூலிகை விதைகளை அனுப்பினார்கள். ஒரு வருடம் ஆகும் முன்பே ஹெப்ரானில் இடிப்பு. அனுப்பியது எவ்வளவு நல்ல காரியம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வாதாடல் பற்றியும் சொல்கிறேன். 2018 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை விவசாயிகளின் உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. விதை வைத்திருக்கவும் பரிமாறவும் விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு என்று அதன் 19-ம் பிரிவு சொல்கிறது. அதற்காகப் பல வருடம் போராடியது வியா கம்பெசினா என்ற உலக விவசாயிகள் இயக்கம். இந்த ஒன்றியம் அதில் உறுப்பினர். விதைக்காரர்கள் அரசியல் பேசியதால்தான் அந்தப் பிரிவே வந்தது.

செந்தாழை எழுதியது:

அண்ணா, இது என் ஆய்வேட்டில் ஒரு தனி அத்தியாயமாகவே வரும் போலிருக்கிறது. நாளைக்குப் பேராசிரியரைப் பார்க்கிறேன். 1968 உத்தரவையும் 1858 சட்டத்தையும் முதல் அத்தியாயமாக வைத்துவிட்டு, அமைப்பின் வரலாற்றை இரண்டாவதாகத் தள்ளலாமா அக்கா?

கொன்றை எழுதியது:

அப்படியே வையுங்கள். நிலம் முதலில், அமைப்பு இரண்டாவது, நெதர்லாந்து விசாரணை மூன்றாவது. விசாரணை அத்தியாயத்தில் வைகறை கேட்டதை அவர் கேட்ட வேகத்திலேயே எழுதுங்கள், குறைக்காதீர்கள். அறிக்கை பொதுவில் கிடைக்கிறது, சுருக்கத்தை மட்டும் பார்க்காமல் முழுவதையும் படியுங்கள். ஒன்றியத்தின் ஆண்டறிக்கைகளில் எவ்வளவு கிலோமீட்டர் மண் சாலை, எவ்வளவு துனம் சரிவு என்ற கணக்கு இருக்கும். அதை "சி" பகுதி வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். உங்கள் பேராசிரியரிடம் அந்த வரைபடத்தைக் காட்டிவிட்டு அப்புறம் பேச ஆரம்பியுங்கள்.