ஏஜென்ட்களின் நினைவுக்கும் பணத்துக்கும் திருத்த முடியாத கணக்கு: பிளாக்செயின் தேவையா?

குடோன்_கணக்கு (கேள்வி)

வணக்கம். பண்ருட்டியில் முந்திரிப் பருப்பு குடோன், புதுச்சேரியில் அலுவலகம். மூன்று ஏஐ ஏஜென்ட் ஓடுகிறது. ஒன்று வாட்ஸ்அப்பில் வரும் ரேட்டையும் ஆர்டரையும் படித்துக் குறித்துக்கொள்ளும். இன்னொன்று டின் இருப்பைப் பார்க்கும். மூன்றாவது பில்லுக்குப் பணம் அனுப்பும். மூன்றுக்கும் நினைவு ஒரே வெக்டர் டேட்டாபேஸ் (பொருள் நெருக்கத்தை வைத்துத் தேடுவது), அடியில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்.

தொல்லை இரண்டு. டபிள்யூ 240 என்ற முந்திரி ரகத்துக்குச் சொன்ன ரேட், நாலு நாளில் டபிள்யூ 320-க்குச் சொன்னதாக மாறிக் கிடக்கிறது. எந்த ஏஜென்ட் மாற்றியது, எந்த மெசேஜைப் பார்த்து மாற்றியது என்று தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை, பழையதன் மேலேயே எழுதிவிடுகிறது. அடுத்தது, வங்கிப் பக்கம் பதில் வரத் தாமதமானால் அதே பில்லுக்கு மறுபடி பணம் அனுப்பப் போகிறது.

பிளாக்செயின் போட்டால் இரண்டும் தீரும் என்கிறார்கள். தேவையா? இருக்கிற போஸ்ட்கிரெஸிலேயே செய்ய முடியுமா? ஒரு பதிவில் என்னென்ன இருக்க வேண்டும்?

நாள்வழி

வேண்டாம். ஏஜென்டும் உங்களுடையது, சர்வரும் உங்களுடையது. ஒருவரையொருவர் நம்பாத பலபேர் ஒரே கணக்கை வைத்துக்கொள்ள வேண்டும், நடுவில் பொது ஆளும் கிடையாது என்ற இடத்துக்குத்தான் பிளாக்செயின். உங்களுக்கு வேண்டியது கணக்குப்பிள்ளை நாள்வழி எழுதுகிற முறை: அழிக்கக் கூடாது, மேலே எழுதக் கூடாது, தப்பு வந்தால் எதிர்ப்பதிவு.

வெக்டர் டேட்டாபேஸை மூலமாக வைத்ததுதான் முதல் கோளாறு. அது பேரேடு. நாள்வழியைப் பார்த்து எப்போது வேண்டுமானாலும் திரும்ப எழுதிக்கொள்ளும்படி இருக்க வேண்டும். ஆகவே ஏஜென்ட் எதை நினைவில் வைத்தாலும் முதலில் நாள்வழியில் ஒரு பதிவு, பிறகுதான் வெக்டர். பதிவு இப்படி இருக்கலாம் (ஹேஷ் என்பது தரவிலிருந்து கணக்கிடும் கைரேகை, ஒரு எழுத்து மாறினாலும் அது மாறிவிடும்):

வரிசை: 418
எழுதியது: கொள்முதல் ஏஜென்ட்
நேரம்: 2025-11-03 05:42:10, யூடிசி
வகை: ரேட்
சரக்கு: டபிள்யூ 240, 10 கிலோ டின்
விலை: கிலோவுக்கு 84500 பைசா
எதுவரை செல்லும்: அன்று மாலை 6 மணி
ஆதாரம்: மூல மெசேஜின் ஹேஷ்
எதை ரத்து செய்கிறது: 402
முந்தைய ஹேஷ்: 417-ஆம் பதிவுடையது
கையொப்பம்: எட்25519 (டிஜிட்டல் கையொப்ப முறை), 64 பைட்

கையொப்பம் தவிர மற்ற எல்லாவற்றையும் சேர்த்து ஷா-256 (ஹேஷ் எடுக்கும் முறை) போட்டு, வரும் 32 பைட்டின் மேல் அந்த ஏஜென்டின் ரகசியச் சாவியால் கையொப்பம். ஒவ்வொரு பதிவும் முந்தையதன் ஹேஷைச் சுமப்பதால் பதிவுகள் சங்கிலியாகக் கோக்கப்படும். முதல் பதிவின் முந்தைய ஹேஷுக்கு 64 பூஜ்யம் (32 பைட்டைப் பதினாறடி எண்ணில் எழுதினால் 64 இலக்கம்). தொகை எப்போதும் பைசாவில் முழு எண்ணாக. தசமம் வைத்தால் கூட்டலில் அரைக்காசு, கால்காசு ஒழுகும்.

ஹேஷ் எடுக்கும் முன் ஜேசானை (பதிவை எழுதிவைக்கும் தரவு வடிவம்) ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஆர்.எஃப்.சி 8785 என்ற இணைய நுட்ப ஆவணம் இருக்கிறது. புலங்களை வரிசைப்படுத்தும், இடைவெளியை நீக்கும், எண்களை ஒரே மாதிரி எழுதும். ஆனால் தமிழுக்கு ஒரு பள்ளம் உண்டு. யூனிகோடில் 'கொ' என்பதைக் ககரமும் ஒகரக்குறி ஒன்றுமாகவும் எழுதலாம், ககரம், எகரக்குறி, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பைட் வேறு, ஹேஷும் வேறு. 8785 இதைச் சரி செய்யாது, எழுத்தை வந்தபடியே விட்டுவிடும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய சரக்குப் பட்டியலில் இது ஒளிந்திருக்கும். 'கொட்டை' என்று தேடினால் பாதிப் பதிவு வராது. கையொப்பத்துக்கு முன் என்.எஃப்.சி என்ற யூனிகோடின் சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றுங்கள். மூல மெசேஜை மட்டும் தொடாமல் வந்த பைட்டாகவே வையுங்கள், அதுதான் சாட்சி.

போஸ்ட்கிரெஸில் ஏஜென்டின் பயனருக்கு இன்சர்ட் (சேர்ப்பது), செலக்ட் (படிப்பது) இரண்டு உரிமை மட்டும். அப்டேட்டையும் டெலீட்டையும் தடுக்க ட்ரிகர் (தானாக ஓடும் காவல் நிரல்). பலர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். ட்ரங்கேட் (டேபிளை ஒரேயடியாகக் காலி செய்வது) செய்தால் டெலீட் ட்ரிகர் ஓடாது, அதற்குத் தனி ட்ரிகர் வேண்டும். டேபிளின் உரிமையாளர் நினைத்தால் எல்லா ட்ரிகரையும் அணைக்கலாம் என்பது வேறு.

அதனால்தான் நங்கூரம், அதாவது வெளியே ஒரு சாட்சிப் பிரதி. சங்கிலியின் கடைசிப் பத்துப் பதிவை யாராவது வெட்டி எடுத்தால் மிச்சச் சங்கிலி சுத்தமாகவே சரிபார்க்கும். சர்வரும் சாவியும் கையில் உள்ளவர் மொத்தத்தையும் புதிதாக எழுதலாம். தினமும் இரவு கடைசி ஹேஷை உங்கள் கைக்கு எட்டாத இடத்துக்கு அனுப்புங்கள். ஆடிட்டர் மெயிலே போதும், கூடவே ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற நேர முத்திரைச் சேவை வழியாக பிட்காயினில் முத்திரை வைக்கலாம். ஹேபர், ஸ்டோர்னெட்டா என்ற இரு ஆய்வாளர்கள் 1991-லேயே ஆவணங்களை இப்படி ஹேஷால் கோத்துக் காட்டியாயிற்று. 1995 முதல் அந்த ஹேஷ் நியூயார்க் டைம்ஸில் விளம்பரமாக அச்சாகி வந்தது. செய்தித்தாளைத் திரும்ப அச்சடிக்க யாராலும் முடியாது, சூட்சுமம் அவ்வளவுதான்.

கையொப்பச் சாவி ஏஜென்டின் ப்ராம்ப்டிலோ (அதற்குக் கொடுக்கும் கட்டளை) அது படிக்கும் ஃபைலிலோ இருக்கவே கூடாது. தனி ப்ராசஸ் ஒன்று கையொப்பம் போடட்டும். மூன்று ஏஜென்டுக்கும் ஒரே சாவி கொடுத்தால், யார் எழுதியது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

பைசா_சுத்தம்

நினைவுப் பகுதியை மேலே சொல்லிவிட்டார். இரட்டைப் பணத்துக்கும் ஹேஷ் சங்கிலிக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு தடவை போன பணத்தை அது அழகாக இரண்டு தடவை பதிந்து வைக்கும்.

பதில் வராததைத் தோல்வி என்று எடுத்துக்கொள்வதுதான் உங்கள் ஏஜென்டின் தப்பு. நிலைகளைப் பிரியுங்கள்: கோரிக்கை, ஒதுக்கீடு, அனுப்பியது, உறுதி, தோல்வி, தெரியவில்லை. 'அனுப்பியது' என்ற பதிவு வங்கியை அழைப்பதற்கு முன்னால் எழுதப்பட வேண்டும். பின்னால் எழுதினால், நடுவில் கரண்ட் போகும் அந்த ஒரு நொடிதான் உங்களைக் கவிழ்க்கும். 'தெரியவில்லை'யில் நிற்கிற பில்லுக்கு ஏஜென்ட் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, அதே குறிப்பு எண்ணை வைத்து நிலையை விசாரிப்பது. மறுபடி அனுப்பும் உரிமை அதற்கு இருக்கக் கூடாது.

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது பாதையைப் பொறுத்தது. நெஃப்ட் அரைமணிக்கு ஒரு தொகுதியாகத் தீர்வாகிறது. அந்தத் தொகுதி தீர்ந்த 2 மணி நேரத்துக்குள் வாங்கும் வங்கி வரவு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்ப வேண்டும். 30 நொடி டைம்அவுட் வைத்து நெஃப்டைத் தோல்வி என்று முடிவு செய்வது அபத்தம்.

இரட்டிப்பைத் தடுக்கும் சாவியை (ஒரு பில்லுக்கு ஒரே அடையாளம், கையொப்பச் சாவி வேறு) மாடலே, அதாவது ஏஜென்டுக்குள் இருக்கும் ஏஐயே, உருவாக்க விடாதீர்கள், ஒவ்வொரு முயற்சிக்கும் புதிதாக ஒன்றைப் போட்டுக்கொள்ளும். விற்றவரின் 15 எழுத்து ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, பில் எண், தவணை எண். இந்த நான்கையும் சேர்த்து ஹேஷ் எடுத்து, அந்தப் புலத்துக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இரண்டு முறை வராது). நிதியாண்டு ஏன் என்றால் ஏப்ரல் 1 அன்று பலருக்கும் பில் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். தொகையைச் சாவியில் சேர்க்கக் கூடாது. பில் படத்தை இரண்டாம் முறை படிக்கும்போது ஏஜென்ட் 1,18,000-ஐ 1,13,000 என்று படித்தால் சாவி மாறிவிடும், பணமும் போய்விடும். அதே சாவி வேறு தொகையோடு வந்தால் நிறுத்தி ஆளைக் கூப்பிட வேண்டும்.

'017', '17', 'பில் 17' மூன்றும் ஒன்றுதான் என்பதைச் சாவி போடும் முன் நிரல் முடிவு செய்யட்டும், மாடல் அல்ல. யூபிஐயின் 12 இலக்கக் குறிப்பு எண்ணை எழுத்தாகச் சேமியுங்கள், எண்ணாக வைத்தால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். பண்ருட்டிக்கும் புதுச்சேரிக்கும் நடுவே மாநில எல்லை இருப்பதால் உங்களுக்கு இ-வே பில் எண்ணும் இருக்கும், அதற்கும் இதே கதைதான்.

குடோன்_கணக்கு

மிக்க நன்றி, இரண்டு பேருக்கும். தொகையைச் சாவியில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறோம், இன்றே எடுக்கிறேன்.

இன்னும் மூன்று சந்தேகம். குடோனிலும் அலுவலகத்திலும் ஏஜென்ட்கள் ஒரே நேரத்தில் எழுதினால் சங்கிலி என்ன ஆகும்? புயல் நேரத்தில் பல நாள் நெட் இருக்காது, அப்போது? விற்பவர்களும் தங்கள் பக்கம் ஏஜென்ட் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். 'நீங்கள் ஆர்டர் கொடுத்ததற்கு எங்களிடம் சான்று வேண்டும்' என்கிறார்கள்.

கரையோர_நோடு

ஒரே சங்கிலியில் இருவர் எழுதினால், இரண்டு பேரும் 417-இன் ஹேஷையே முந்தையதாக எடுத்துக்கொண்டு சங்கிலி கவட்டையாகப் பிரியும். முந்தைய ஹேஷ் புலத்துக்கு யூனிக் போட்டால் பின்னால் வந்தவர் தோற்று மறுபடி முயல்வார். அலுவலகத்துக்குள் அது போதும். உங்களுக்குப் பொருந்தாது. 2011-இல் 'தானே' புயல், 2024-இல் 'ஃபெஞ்சல்' புயல் இரண்டும் அடித்த பக்கம் இது. நெட் இல்லாவிட்டாலும் குடோன் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏஜென்டுக்கு ஒரு சங்கிலி வையுங்கள். குடோன் ஏஜென்ட் அங்கேயே ஒரு எஸ்க்யூலைட் (சர்வர் வேண்டாத சின்ன டேட்டாபேஸ்) ஃபைலில் எழுதட்டும். நெட் வந்ததும் பதிவுகள் அலுவலகத்துக்கு வந்து சேரும், அன்றைய நங்கூரத்தில் எல்லாச் சங்கிலியின் கடைசி ஹேஷும் ஒன்றாகக் கட்டப்படும். வரிசை எண்ணை நம்புங்கள், கடிகாரத்தை நம்பாதீர்கள். கரண்ட் போய் வந்த பெட்டியின் நேரம் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது.

விற்பவருக்குச் சான்று என்றால் மெர்க்கிள் மரம். அன்றைய பதிவுகளை இலைகளாக வைத்து இரண்டிரண்டாக ஹேஷ் செய்து உச்சிக்குப் போங்கள், நங்கூரமாக உச்சி ஹேஷை அனுப்புங்கள். ஆயிரம் பதிவு இருந்தாலும் ஒரு ஆர்டர் உள்ளே இருக்கிறது என்று காட்ட 10 ஹேஷ், அதாவது 320 பைட் போதும். அடுத்தவருக்கு என்ன ரேட் கொடுத்தீர்கள் என்று அவர் பார்க்க முடியாது, வியாபாரத்தில் அதுதானே முக்கியம். இலையை ஹேஷ் செய்யும்போது முன்னால் 0 என்ற பைட்டும், கிளைக்கு 1 என்ற பைட்டும் சேர்க்கத் தவறாதீர்கள். இல்லாவிட்டால் கிளையை இலை என்று காட்டி ஏமாற்ற வழி உண்டு. 2013-இன் ஆர்.எஃப்.சி 6962 இந்த முறையைத்தான் வைத்திருக்கிறது.

ஆர்டர் பதிவில் இரு தரப்பும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்குள் சண்டை தீர்ந்தது. பத்துப் பதினைந்து வியாபாரிகள் சேர்ந்து ஒரே கணக்கு என்று வந்தால் அப்போது ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் (உறுப்பினர்களுக்கு மட்டுமான பிளாக்செயின்) மாதிரி பார்க்கலாம். அங்கும் ராஃப்ட் முறை (கணினிகள் பதிவு வரிசைக்கு ஒப்புக்கொள்ளும் வழி) விழுந்த கணினியைத்தான் தாங்கும், பொய் சொல்லும் கணினியை அல்ல. ஒரு பொய்யரைத் தாங்க குறைந்தது 4 நோடு (கணினி) வேண்டும். மேகச் சேவையில் கிடைக்கும் லெட்ஜர் டேட்டாபேஸை நம்பி வீடு கட்டாதீர்கள். அமேசான் தன் க்யூஎல்டிபியை 2025 ஜூலை 31-ஓடு மூடிவிட்டது.

சந்தேகப்_பேர்வழி

எல்லாம் சரி. 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடவும்' என்று ஒரு மெசேஜ் வருகிறது என்று வையுங்கள். ஏஜென்ட் நினைவில் எழுதும், ஹேஷ் சரி, கையொப்பம் சரி, நங்கூரமும் சரி. பணம் திருடனுக்கு. மாற்றப்படவில்லை என்பதற்குத்தான் சங்கிலி சாட்சி, உண்மை என்பதற்கு அல்ல.

ஆகவே பதிவில் இன்னொரு புலம் வேண்டும்: இது முதலாளி சொன்னதா, வெளியாள் சொன்னதா, ஏஜென்ட் தானே ஊகித்ததா. உங்கள் 240, 320 குழப்பம் அநேகமாக மூன்றாம் வகை. மெசேஜில் 'நேத்து சொன்ன ரேட்டே' என்று மட்டும் இருக்கும், எந்த ரகம் என்று மாடல் ஊகிக்கும், ஊகம் அடுத்த நாள் உண்மையாக உட்கார்ந்துவிடும். ஊகத்தை ஆதாரமாகக் காட்டி இன்னொரு ஊகம் எழுத அனுமதிக்காதீர்கள். வங்கிக் கணக்கு, கடன் வரம்பு, ஒரு நாள் உச்சத்தொகை மூன்றும் முதல் வகைப் பதிவால் மட்டுமே மாறலாம், அதுவும் முன்பே தெரிந்த எண்ணுக்கு ஆள் போன் செய்து கேட்ட பிறகு.

வெளியாளின் போன் எண்ணை நாள்வழியில் போடாதீர்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அழிக்கச் சொல்லும் உரிமை இருக்கிறது, உங்கள் நாள்வழியோ அழிக்காது. ஹேஷாகப் போட்டால் ஒளிந்துவிடும் என்பதும் தப்பு. 6 முதல் 9 வரை தொடங்கும் 10 இலக்க எண்கள் மொத்தம் 400 கோடிதான், நல்ல கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு நிமிட வேலைகூட இல்லை. எண்ணைத் தனி டேபிளில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் 16 பைட் சால்ட் (யாரும் ஊகிக்க முடியாத எழுத்துகள்) சேர்த்து ஹேஷ் எடுங்கள். அழிக்கச் சொன்னால் எண்ணையும் சால்ட்டையும் அழித்துவிடலாம், சங்கிலி அறுபடாது. மூல மெசேஜுக்கும் இதே முறைதான்.

நாள்வழி

ஊக வகை நான் விட்டது, சேர்த்துக்கொள்ளுங்கள். வெக்டரில் ஒன்று: 418 வந்து 402-ஐ ரத்து செய்தாலும், தேடலில் 402 இன்னும் நெருக்கமாக வந்து நிற்கும். வெக்டருக்கு 'ரத்து' என்றால் என்னவென்று தெரியாது. ஒவ்வொரு வெக்டரோடும் வரிசை எண்ணை வையுங்கள். எடுத்ததை மாடலிடம் கொடுக்கும் முன் நாள்வழியில் பார்த்து, ரத்தானதையும் காலம் கடந்ததையும் தள்ளுங்கள்.

இடம் பற்றிக் கவலை வேண்டாம். பதிவு ஒன்று 500 பைட், நாளைக்கு 2,000 பதிவு என்றாலும் 1 எம்பி.

ஓடவிட்ட பிறகு, பேக்கப் பிரதி ஒன்றில் நடுப் பதிவின் விலையில் ஒரு இலக்கத்தை மாற்றிச் சரிபார்ப்பை ஓட்டுங்கள். இன்னொரு பிரதியில் கடைசி மூன்று பதிவை வெட்டிவிட்டு ஓட்டுங்கள். முதலாவதில் பிழை என்று கத்திவிட்டு, இரண்டாவதில் சும்மா இருந்தால், சரிபார்ப்பு ஆடிட்டர் மெயிலில் உள்ள ஹேஷோடு ஒப்பிடவில்லை என்று அர்த்தம்.