ஒரே கல்லீரலுக்குள் புற்றுநோய் எந்த வழியாகப் பரவுகிறது?

கேள்வி (காரைக்குடி)
என் அம்மானுக்குக் கல்லீரல் புற்றுநோய் இருப்பது மதுரையில் எடுத்த சி.டி. ஸ்கேனில் தெரிந்தது. வலப்புறம் பெரிய கட்டி ஒன்றும், அதை ஒட்டிச் சிறு கட்டிகள் சிலவும் உள்ளன. வலது போர்ட்டல் சிரையில் ‘கட்டி உறைவு’ இருப்பதாகவும் அறிக்கை சொல்கிறது. வீட்டுப் பெரியவர்கள் இதை இரத்த உறைவு என்றே எண்ணி, கரைக்கும் மருந்து போதாதா என்கிறார்கள். கல்லீரலை விட்டு இரத்தம் இதயத்துக்குத்தானே போகிறது? அப்படியிருக்க, அதே உறுப்புக்குள் நோய் எப்படிப் பரவும்?

மறுமொழி (தேவகோட்டை, ஸ்கேன் துறை மருத்துவர்)
தம்பி, கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைக் குடலிலிருந்து போர்ட்டல் சிரை கொண்டுவருகிறது. மீதியைத் தமனி தருகிறது. புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி இரத்தத்தை உண்டே வளர்கிறது. கட்டி பெரிதாகும்போது இதயத்துக்குச் செல்லும் மெல்லிய சிரைகள் நசுங்கிவிடுவதால், கட்டியிலிருந்து வெளியேறும் இரத்தம் பக்கத்துப் போர்ட்டல் சிறுகிளைகளில் வடிகிறது. அதனோடு உதிரும் செல்கள் அந்தக் கிளை பாயும் பகுதியிலேயே தங்கி முளைக்கின்றன. அம்மானுக்குத் தெரியும் சிறு கட்டிகள் இப்படி வந்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு வேறிடங்களில் தனியாகவும் புதுக்கட்டி தோன்றலாம்.

சிரைக்குள் புகுந்த கட்டி அங்கேயே நிற்பதில்லை. இரத்த ஓட்டத்தை எதிர்த்து, சிறுகிளையிலிருந்து பெருங்கிளைக்கும், அங்கிருந்து இடமும் வலமும் பிரியும் கவைக்கும் அது வளர்ந்துகொண்டே போகும். வரத்துக்கால் பிரியும் இடத்தில் முளைத்த களையின் விதை எல்லா ஊருணிகளுக்கும் போவதுபோல், கவையை எட்டிய கட்டியின் துணுக்குகள் இடப்பக்கத்துக்கும் போய்ச் சேரும். ஆகவே அது உயிருள்ள கட்டி. இரத்தத்தை இளக்கும் மருந்துக்குக் கரையாது.

மறுமொழி (கோட்டையூர்)
என் கணவருக்கும் இதே ஐயம் எழுந்தது. மருத்துவர் கணினியில் தமனிக் கட்டப் படத்தை, அதாவது ஸ்கேனுக்காக ஏற்றிய சாய மருந்து தமனிகளில் பாயும் நேரத்தில் எடுத்த படத்தைத் திறந்து, வீங்கிய சிரைக்குள் மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடுவதைக் காட்டினார். வெறும் உறைவில் அந்தச் சாய மருந்து ஏறாது, இதில் தமனி இரத்தம் பாய்வதால்தான் கோடுகள் ஒளிர்கின்றன என்றார். நீங்களும் படத்தை நேரில் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி, ஆச்சி. கட்டியை மட்டும் வெட்டி எடுத்தால் போதாதா, ஐயா?

மறுமொழி (தேவகோட்டை)
இந்தப் பரவல் வழியை முன்னிட்டுத்தான், கட்டி இருக்கும் இடத்துக்குப் பாயும் போர்ட்டல் கிளையின் பகுதி முழுவதையும் சேர்த்து அகற்றும் முறையை ஜப்பானின் அறுவை மருத்துவர் மக்குவுச்சி 1985-இல் எடுத்துரைத்தார். ஆனால் பெருங்கிளையில் கட்டி புகுந்துவிட்டால், பெரும்பாலும் அறுவையை விட மருந்தே முதலில் பேசப்படும். 2020 முதல் அட்டிசோலிசுமாபும் பெவாசிசுமாபும் சேர்த்துத் தரப்படுகின்றன. சிரை அடைபட்டால் உணவுக்குழாய் நாளங்கள் புடைத்து இரத்தம் கசியக்கூடும். பெவாசிசுமாப் அந்த அபாயத்தைக் கூட்டும் என்பதால், தொடங்குமுன் எண்டோஸ்கோப்பி செய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். போர்ட்டல் சிரையின் தலைத்தண்டு இன்னும் திறந்திருக்கிறதா என்பதையும் அறிக்கையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.